பெஞ்சமினை வகுத்த கணக்கு

இளவரசியைப் பற்றி காவாந்தண்டலத்தில் யாரும் ஒரு குறை சொல்லமாட்டார்கள். அவளுடைய தொல்லைக்கெல்லாம் அதுதான் காரணம். கொஞ்சம் புளுகுகிறவள், கொஞ்சம் அசட்டையானவள் என்று பெயர் எடுத்திருந்தால் அன்றைக்கு மைக்கை அவள் கையில் கொடுத்திருக்க மாட்டார்கள். கொடுத்திருந்தாலும் அவள் படித்ததை ஊர் அப்படியே விழுங்கியிருக்காது.

பி.காம். முடித்தவள். சென்னையில் இருக்கிற ஒரு கம்பெனிக்கு வீட்டு மாடியில் உட்கார்ந்தபடியே வேலை பார்க்கிறாள். அந்தக் கம்பெனி வெளிநாட்டுக் கால்பந்து கிளப் ஒன்றுக்குக் கணக்கு எழுதித் தருகிறது. இளவரசி ஒரு மேட்சைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை. ஆனால் எந்த ஆட்டக்காரனை எந்தக் கிளப் என்ன விலைக்கு வாங்கியது, அவன் ஒப்பந்தத்தில் இன்னும் எத்தனை வருஷம் பாக்கி என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

அந்தக் கணக்கு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஓர் ஆட்டக்காரனை அறுபது கோடி கொடுத்து வாங்குகிறார்கள், ஐந்து வருஷ ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுபதையும் இந்த வருஷச் செலவில் எழுதினால் கிளப் கவிழ்ந்துவிட்ட மாதிரி தெரியும். அதனால் ஐந்தால் வகுத்து, வருஷத்துக்குப் பன்னிரண்டு கோடி செலவு என்று எழுதுவார்கள். மிச்சம் நாற்பத்தெட்டு கோடி, கட்டடம், பஸ், புல் வெட்டும் மிஷின் இவற்றோடு சேர்ந்து சொத்துப் பட்டியலில் நிற்கும். வருஷா வருஷம் கழித்துக்கொண்டே போய், ஒப்பந்தம் முடிகிற அன்று அவன் மதிப்பு பூஜ்யம். இதில் திருட்டு எதுவும் கிடையாது. எல்லா நாட்டிலும் ஒத்துக்கொண்ட முறைதான். ஆனால் பணம் என்னவோ முதல் நாளே கையை விட்டுப் போயிருக்கும். அந்த ஒன்றைத் தெரிந்துகொண்டுதான் அந்தக் கணக்கைப் படிக்க வேண்டும்.

காவாந்தண்டலத்திலும் ஒரு கிளப் உண்டு. ஏரி வற்றியதும் உள்ளே இரண்டு பக்கமும் சவுக்குக் கழி நட்டு ஆடுவார்கள். ஊரும் காலனியும் ஒன்றாகச் சேர்கிற இடம் அது ஒன்றுதான் என்று சொன்னால் ஊர்க்காரர்களுக்குக் கோபம் வரும். வந்தால் வரட்டும், உண்மை அதுதான். அந்தக் கிளப்புக்கு ஒரு நிதி இருந்தது. ஒவ்வொரு அறுப்புக்கும் நிலம் உள்ள வீடு ஒரு மூட்டை நெல் தரும், கூலி வீடு ஒரு நாள் கூலி தரும். பந்து, வலை, பஸ் சார்ஜ் போக மீதி அப்படியே இருக்கும். போட்டவர் யாருக்கு அவசரம் வந்தாலும் எடுத்துக்கொள்ளலாம், வசதிப்பட்டபோது திருப்பி வைக்கலாம். வட்டி கிடையாது. காலனிக்காரர்கள் அவசரத்துக்கு ஊர் வீட்டு வாசலில் வந்து நிற்கக் கூடாது என்றுதான் அதை ஆரம்பித்ததே. வருஷத்துக்கு ஒருமுறை, கோடையில் கப்புப் போட்டி முடிந்த பிறகு, மைதானத்தில் மைக் வைத்து எல்லோர் முன்னாலும் கணக்குப் படிக்க வேண்டும் என்பது முறை.

இந்த நிதியில்தான் இளவரசியின் தம்பி தினகரன் கை வைத்தான். அவன் கிளப் செக்ரட்டரி. தொடர்ந்து ஒவ்வொரு வருஷமும் கப்பைப் பக்கத்து ஊர் மானாம்பதிக்காரர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். தூக்கிக்கொண்டு போனது என்னவோ ஒரே ஒருவன், பெஞ்சமின் என்கிற பையன். பெயிண்ட் வேலைக்குப் போகிறவன். காலில் பந்து வந்துவிட்டால் அதை வாங்க ஆள் கிடையாது. தினகரன் யாரையும் கேட்காமல் மானாம்பதிக்குப் போய், அந்தக் கிளப்பின் தலைவர் தாமோதரனிடம் பேசி முடித்தான். ஒரு லட்சத்து இருபதாயிரம். மூன்று வருஷம் காவாந்தண்டலத்துக்கு ஆட வேண்டும் என்று ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக்கொண்டார்கள். நிதியில் இருந்தது ஒரு லட்சத்து முப்பத்தைந்தாயிரம்.

கப்பு கிடைத்தது. பரிசுப் பணம் அன்றைக்கே பிரியாணியாகிவிட்டது. கணக்குப் படிக்கிற நாள் நெருங்கியபோதுதான் தினகரனுக்குப் பயம் வந்தது. மாடிக்கு ஏறி வந்து அக்காவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். சின்ன வயதிலிருந்து அவன் தரையில் உட்கார்ந்தால் ஏதோ செய்துவிட்டு வந்திருக்கிறான் என்று அர்த்தம்.

“அக்கா, ஒரே பேஜாராப் போச்சு. ஒத்த ஆளுக்கு இத்தினி துட்டான்னு கேப்பாங்க.”

“கேக்கத்தான் கேப்பாங்க. ஊரக் கேட்டுட்டு எடுத்தியா நீ?”

“கேட்டா குடுப்பாங்களா? கப்பு வந்திச்சி இல்ல?” என்றவன் லேப்டாப்பை எட்டிப் பார்த்தான். “உங்க வெள்ளக்காரன் கிளப்புல இத்த எப்டி எழுதுவீங்க?”

அவள் சொன்னாள். மூன்றால் வகுத்தால் இந்த வருஷச் செலவு நாற்பதாயிரம். மீதி எண்பதாயிரம் சொத்து. கையில் இருக்கிற பதினைந்தாயிரத்தையும் சேர்த்தால் மொத்தம் தொண்ணூற்றைந்தாயிரம். தினகரன் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது.

“அப்டியே எழுதிக் குடுக்கா. அதுல தப்பு ஒண்ணியும் இல்லியே?”

“தப்பு இல்ல,” என்றாள் இளவரசி. நிஜமாகவே தப்பு இல்லைதான். அதுதான் அவளை அப்புறம் தூங்க விடவில்லை.

அவள் ஒன்றும் மறைத்து எழுதவில்லை. கடைசி வரியில், ‘இதில் ரொக்கம் பதினைந்தாயிரம், பெஞ்சமின் எண்பதாயிரம்’ என்று தெளிவாகவே எழுதியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் மைதானத்தில் ஊர் கூடியது. தன் குரல் நடுங்கும் என்று தெரிந்து, தினகரன் அக்காவையே படிக்கச் சொன்னான். இளவரசி படிக்கப் போகிறாள் என்றதும் பின்னால் பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட வாயை மூடினார்கள்.

“போன வருஷ இருப்பும் இந்த வருஷ வசூலும், பந்து, வலை, பஸ் சார்ஜ் போக, ஒரு லட்சத்து முப்பத்தைந்தாயிரம். இந்த வருஷம் ஆட்டக்காரர் பெஞ்சமினுக்கான செலவு நாற்பதாயிரம். மீதி கிளப்பின் சொத்து தொண்ணூற்றைந்தாயிரம்.”

கைதட்டல் எழுந்தது. நாற்பதுக்கு இப்படி ஓர் ஆளா என்று யாரோ விசிலடித்தார்கள். ஊர் மனசுக்குள் கழித்துப் பார்த்தது. நூற்று முப்பத்தைந்தில் நாற்பது போனால் தொண்ணூற்றைந்து, சரியாக வந்தது. முன்வரிசையில் மணலில் உட்கார்ந்திருந்த, கழனிக்குக் கூலிக்கு வருகிற செங்கேணி, சரிதான் என்று தலையாட்டியதை இளவரசி பார்த்தாள். இவர்கள் வேறு மாதிரி புரிந்துகொண்டுவிட்டார்கள் என்று அந்த நொடியே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கடைசி வரியைப் படிக்க வாயெடுத்தாள். அதற்குள் தினகரன் வந்து, “போதும்க்கா, கப்பு குடுக்கணும்,” என்று மைக்கைப் பிடித்தான். அவள் இறுக்கிப் பிடித்திருக்கலாம். விட்டுவிட்டாள்.

காலேஜ் அட்மிஷன் சமயத்தில், ஒருநாள் காலையில் செங்கேணி வந்தாள். காலனியில் இருப்பவள், களை எடுப்பு, நடவு என்று இளவரசி வீட்டுக் கழனியிலும் மற்ற கழனியிலும் கூலிக்கு வருகிறவள். அவள் புருஷன் வேதகிரிதான் கிளப்புக்குக் கோல்கீப்பர், ஏஞ்சல் அவர்கள் மகள். உள்ளே வரச் சொன்னால் வரமாட்டாள், மாடிப்படியில் மூன்றாவது படியில் உட்கார்ந்துகொள்வாள். அன்றைக்கு இரண்டு படி மேலே ஏறி உட்கார்ந்தாள். அவ்வளவு சந்தோஷம்.

“பாப்பா, ஏஞ்சலுக்கு செங்கல்பட்டு பக்கம் நர்சிங் சீட்டு கெடச்சிருச்சி. ஸ்காலர்ஷிப்பு பின்னாடி வருமாம், துட்டு முன்னாடி கட்டணுமாம். ஆஸ்டலோட அறுபது. செவ்வாக்கெழம கடசி.”

இளவரசி வேறு வழி தேடினாள். “மகளிர் குழு லோன் உங்க முறைதானேக்கா இந்தத் தடவ?”

“ஆமா. எங்க தெரு பரிமளாவுக்கு வுட்டுக் குடுத்துட்டேன். அவ அத்த வச்சி மாடு புட்சிட்டா. லோனுக்கு வட்டி கட்டணும், கிளப்பு துட்டுக்கு வட்டி இல்ல. தொண்ணூத்தஞ்சு கீதுன்னு நீ படிச்சியே, அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்.” செங்கேணி சிரித்தாள். “அதுல என் கூலியும் கீது பாப்பா. தல நிமுந்து வாங்கலாம். என் கல்யாணத்துக்கு எங்கம்மா உங்க தாத்தா கிட்ட ரெண்டு மூட்ட நெல்லு வாங்கிச்சாம். சாவுற வரிக்கும் உங்க கழனில அத்த கழிச்சிகினே இருந்திச்சி. எத்தினி வருசம் கழிச்சாலும் மீதி கீதுன்னுவாங்களாம். அந்தக் கதயே வோணாம்னுதான் இந்த நிதியில அறுப்புக்கு அறுப்பு சோறு கொறஞ்சாலும் கூலி போட்டுகினு வந்தேன்.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அக்கா, அந்தத் தொண்ணூற்றைந்தில் எண்பது பெஞ்சமினுடைய காலில் இருக்கிறது, கையில் பதினைந்துதான் என்று ஒரே வாக்கியம். வெளிநாட்டுக்காரர்களுக்கு நீளம் நீளமாக மெயில் எழுதத் தெரிந்தவளுக்கு அந்த ஒரு வாக்கியம் வரவில்லை.

“திங்கக்கெழம வாங்கிக்கோங்கக்கா,” என்றாள்.

தினகரனை இழுத்துக்கொண்டு அன்றைக்கே மானாம்பதிக்குப் போனாள். பெஞ்சமினைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் பேச்சு. தாமோதரன் நெல் மண்டி வாசலில் உட்கார்ந்து காது குடைந்துகொண்டே கேட்டார்.

“திருப்பி எடுத்தா பழைய சரக்குதானே? முப்பது தரேன். அதுவும் அறுப்பு முடிஞ்சப்பறம்.”

“எங்க கணக்குல இன்னும் எண்பது கீதுங்க,” என்றான் தினகரன்.

“உங்க கணக்கு உங்களோட,” என்றார் அவர்.

டீக்கடையில் பெஞ்சமின் நின்றிருந்தான். தன்னை விற்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று அவனுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். கோபப்படவில்லை. சட்டையெல்லாம் வெள்ளைப் பெயிண்ட் தெறித்திருந்தது. மூன்று பேருக்கும் அவனே டீ சொன்னான். ஒரு லட்சத்து இருபதில் அவனுக்கு எவ்வளவு வந்தது என்று இளவரசி கேட்டாள். ஒரு ஜோடி ஷூ என்றான்.

“அக்கா, நீங்கதானே எம்பேர கணக்குல எழுதனது? மூணு வருசம் முடிஞ்சா அதுல நான் எவ்ளோ இருப்பேன்?”

“பூஜ்யம்.”

“அப்ப அதுக்கப்பறம் நான் எனக்கே சொந்தமா?” என்று சிரித்தான். தினகரனும் சிரித்தான். இளவரசி டீயைக் குடிக்காமல் டம்ளரை வைத்துவிட்டாள். தினமும் இப்படி எத்தனை பேரை அவள் வகுத்து எழுதியிருக்கிறாள். ஒருத்தனாவது எதிரே நின்று டீ வாங்கிக் கொடுத்ததில்லை.

திங்கட்கிழமை காலையில் உத்திரமேரூர் பஸ்ஸில் ஏறினாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து அடகுக் கடையில், கல்யாணத்துக்கென்று அவள் சம்பளத்தில் சேர்த்து வாங்கிய இரண்டு வளையலைக் கழற்றி வைத்தாள். சாயந்திரம் செங்கேணிக்குக் கிளப் ரசீதில் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு, அறுபதாயிரத்தை எண்ணிக் கொடுத்தாள். செங்கேணி பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு முந்தானையில் முடிந்தாள். அவள் போன பிறகு இளவரசிக்கு உடம்பு லேசானது. தான் செய்த தப்புக்குத் தானே பணம் கட்டிவிட்டோம், கணக்கு தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டாள். படித்தவர்களுக்கு இந்த நினைப்பு சுலபமாக வரும்.

ஏஞ்சல் ஆஸ்டலுக்குப் போய்ச் சேர்ந்தாள். செங்கேணி போகிற வருகிற இடத்திலெல்லாம், சொன்ன மாதிரியே கிளப்பில் பணம் இருந்தது, கேட்ட உடனே கொடுத்தார்கள் என்று சொன்னாள். இளவரசி நன்றாக இருக்கட்டும் என்றுதான் சொன்னாள். அது ஊர் முழுக்கப் பரவியது. முதலில் வெங்கடேசன் வந்தார், அடுத்த தெருக்காரர், ஐந்து ஏக்கர் வைத்திருப்பவர்.

“மோட்டாரு எரிஞ்சிபோச்சும்மா. தொண்ணூத்தஞ்சுல அறுபது போனா முப்பத்தஞ்சு கீது இல்ல? அதுல முப்பது குடு, அறுப்புல வச்சிடறேன்.”

நாளைக்குச் சொல்கிறேன் என்றாள். மறுநாள் வெங்கடேசனோடு இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவருக்கு ஆஸ்பத்திரி, ஒருவருக்கு டிராக்டர் தவணை. தினகரன் அன்றைக்கும் மாடிக்கு வந்து தரையில் உட்கார்ந்தான்.

“உன்னுது செயினு ஒண்ணு கீதே அக்கா,” என்றான், பாதி விளையாட்டாக.

அவனை அடிக்கக் கை ஓங்கினாள். ஓங்கிய கையில் வளையல் இல்லை. அவனும் அதைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டான்.

“ஞாயித்துக்கெழம மைக் செட்டு எடுத்துகினு வா. எல்லாரையும் கூப்புடு,” என்றாள். “விட்டுப்போன வரிய நான் படிக்கணும்.”

“ஊரு என்னை இன்னா பண்ணும் தெரியுமா?”

“பண்ணட்டும். நானும் பக்கத்துல நிப்பேன்.”

சொன்னபடியே நின்றாள். அதே மைதானம், அதே மணல். செங்கேணி முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாள், புதுசாக ஒரு நைலக்ஸ் புடவை கட்டிக்கொண்டு. அவளைப் பார்க்காமல் இளவரசி காகிதத்தைப் பார்த்தாள்.

“போன தடவ நான் படிச்சதுல ஒரு வரி விட்டுட்டேன். தொண்ணூத்தஞ்சாயிரம் ரொக்கம் இல்ல. பெஞ்சமினுக்காக ஒரு லட்சத்து இருபதாயிரமும் அப்பவே மானாம்பதிக்குக் குடுத்தாச்சு. அத மூணு வருஷமாப் பிரிச்சு எழுதினேன். மிச்சம் எண்பதும் காகிதத்துல மட்டும்தான் கீது. கையில பதினஞ்சாயிரம்தான். நீங்க தப்பாப் புரிஞ்சிகினது எனக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சும் சும்மா இருந்துட்டேன். அதுக்கு நான் மன்னிப்புக் கேக்கறேன்.”

எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். தினகரனைத் திட்டினார்கள், அவன் அப்பனைத் திட்டினார்கள், பெஞ்சமினைக்கூடத் திட்டினார்கள். பதினெட்டு வயசுப் பையன் ஒருவன், ஆளை எப்படிச் சொத்து என்று எழுதலாம் என்று கத்தினான். எல்லாவற்றையும் அவள் வாங்கிக்கொண்டாள். வாங்க வாங்க மனசு தெளிந்துகொண்டே வந்தது. அந்தத் தெளிவும் வெங்கடேசன் எழுந்து நிற்கிற வரைக்கும்தான்.

“இரும்மா. கையில பதினஞ்சுதான்னா, செங்கேணிக்கு அறுபது குடுத்தியே, அது எங்கேந்து வந்திச்சி?”

இந்தக் கேள்வி வரும் என்று அவள் யோசிக்கவே இல்லை. ராத்திரியெல்லாம் படுத்துப் புரண்டு, தன்னுடைய தப்பை எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்தாள். செங்கேணியைப் பற்றி யோசிக்கவில்லை. இப்போது மைதானமே இளவரசியின் வெறுங்கையைப் பார்த்தது. அப்புறம் செங்கேணியைப் பார்த்தது. பின்னால் ஒரு பொம்பளை, “வளையல வச்சி குடுத்திருக்குதுடி,” என்றது மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது. ‘பெரிய மனசு’ என்று இன்னொரு குரல். தன்னைத் திட்டிக்கொண்டிருந்த ஊர் சட்டென்று தன்னைப் புகழத் தொடங்கியது இளவரசிக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

செங்கேணி எழுந்தாள். புடவையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிக்கொண்டு, கூட்டத்துக்கு நடுவே வழி விட்டவர்களைப் பார்க்காமல் நடந்து போனாள். “செங்கேணிக்கா,” என்று இளவரசி கூப்பிட்டது மைக்கில் விழுந்து ஏரி முழுக்கக் கேட்டது. அவள் திரும்பவில்லை.

அன்றைக்கு ராத்திரி இளவரசி காலனிக்குப் போனாள். வேதகிரிதான் வெளியே வந்தான். அவள் படுத்துட்டா என்றான். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலையில் அம்மா கோவிந்தம்மாள் கழனிப் பக்கம் போய்விட்டு வந்து சந்தோஷமாகச் சொன்னாள். “நம்ம கழனில செங்கேணி களை எடுத்துகினு கீறா. நான் ஆளே கூப்புடல. அந்தக் காலத்துல அவ அம்மா இப்டித்தான், கூப்புடாமலே வந்து எறங்கிடுவா.”

இளவரசி செருப்பைக்கூடப் போடாமல் ஓடினாள். சொர்ணவாரிப் பட்டத்து நெற்பயிர் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. செங்கேணி ஒருத்தியாக, சேற்றில் குனிந்து, ஓர் ஓரத்திலிருந்து ஒழுங்காகக் களை பிடுங்கிக்கொண்டு வந்தாள். பிடுங்கியதை உதறி வரப்பில் போட்டாள். வரப்பில் நிற்கிறவளைப் பார்த்தும் நிமிரவில்லை.

“இன்னாக்கா இது. இன்னிக்கி யாரும் உங்களக் கூப்புடலியே.”

“தெரியும்.”

“அந்தப் பணம் என் தப்புக்கு நான் கட்டினது. நீங்க திருப்பித் தரவே வோணாம். நெசமா சொல்றேன்.”

செங்கேணி அப்போதுதான் நிமிர்ந்தாள். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் இளவரசி அதைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பாள்.

“உங்க தாத்தாவும் எங்கம்மா கிட்ட அப்டிதான் சொன்னாராம். திருப்பித் தர வோணாம்னு. அதனாலதான் அது தீரவே இல்ல.” கையிலிருந்த சேற்றைத் தண்ணீரில் அலசினாள். “அன்னிக்கிப் படிக்கட்டுல, கையில இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, பரிமளா கால்ல வுழுந்தாவது மாட்ட விக்க வச்சிருப்பேன். அவளும் என்ன மாதிரிதான், அவகிட்ட கடன்பட்டா அசிங்கம் இல்ல. நான் கைய நீட்டனது என் கூலிக்கி. நீ குடுத்தது உன் வளையலு.”

“ஏஞ்சலுக்காகத்தான்...”

“அவ படிக்கட்டும். அதுக்குத்தானே எறங்கியிருக்கேன்.” மறுபடி குனிந்தாள். குரல் பயிருக்குள்ளிருந்து வந்தது. “நாள் கூலி இன்னான்னு உனக்கே தெரியும். வருசத்துக்கு இவ்ளோன்னு கழிச்சிக்கோ சின்னம்மா. நீதான் அத்த நல்லா எழுதுவியே.”

பிறந்ததிலிருந்து செங்கேணி வாயில் இளவரசிக்குப் பாப்பா என்றுதான் பெயர். எசமான் வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுகிற மாதிரி சின்னம்மா என்று செங்கேணி கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அம்மா தூக்கில் கஞ்சி எடுத்துக்கொண்டு வரப்பு மேல் வந்துகொண்டிருந்தாள், களை எடுக்கிற ஆளுக்கு. இளவரசி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். வேண்டாம் வேண்டாம் என்றாலும் அவள் புத்தி கேட்கவில்லை, அதற்குத் தெரிந்த ஒரே வேலையை அது பார்த்தது. நாள் கூலி முன்னூறு. வருஷத்தில் அவர்கள் கழனியில் பெண்களுக்கு வேலை வருவது அறுபது, எழுபது நாள். அறுபதாயிரத்தைக் கூலியால் வகுத்து, வந்த இருநூறு நாளை மறுபடி அதால் வகுத்தாள். பெஞ்சமினுக்கு எழுதிய அதே மூன்று வருஷம் வந்தது.